நான்கு தலைமுறைகளின் அச்சம்: சினுவா ஆச்சிபியின் இரு புதினங்கள்

மத்தேயு நற்செய்தி ஒரு கதையோடு தொடங்கவில்லை. ஒரு பெயர்ப் பட்டியலோடு தொடங்குகிறது. ஆண்டுதோறும் திசம்பர் 17ஆம் நாள் திருப்பலியில் அப்பட்டியல் வாசிக்கப்படும்போது, எப்போது முடியும் என்று காத்திருப்போர் பலர். ஊன்றிக் கேட்பவருக்கோ அதில் வரும் ஒவ்வொரு பெயரும் ஒரு கதை. தாமாரும் ராகாபும் ரூத்தும் உரியாவின் மனைவியும் அப்பட்டியலில் நிற்பது தற்செயலன்று. மீட்பரின் குருதியில் பிற இனத்தாரும், பழிச்சொல் கேட்டவரும், கண்ணீர் விட்டவரும் கலந்துள்ளனர் என்பதை நற்செய்தியாளர் மறைக்கவில்லை. குடும்பத்தின் வரலாற்றை மெய்யாக எழுதுகிறவன் அதன் காயங்களையும் சேர்த்தே எழுதியாக வேண்டும்.

அவ்வாறு மெய்யாக எழுதிய ஒருவர் சினுவா ஆச்சிபி. நைசீரியா நாட்டின் இக்போ இனத்தவர். ஒக்கொன்க்வோ என்னும் ஒரே குடும்பத்தின் நான்கு தலைமுறைகளை அவர் இரு புதினங்களில் எழுதினார். முதலாவது 1958இலும் இரண்டாவது 1960இலும் வெளிவந்தன. முதல் நூலைத் தமிழில் ‘சிதைவுகள்’ என்னும் பெயரில் என்.கே. மகாலிங்கம் தந்துள்ளார். அந்நூலைப் பலர் அறிவர். அதன் தொடர்ச்சியை அறிந்தோர் குறைவு. இரண்டையும் சேர்த்துப் படித்தாலன்றி அக்குடும்பத்தின் முழு உருவம் தெரியாது. அவ்வாறு படிக்கும்போது, ஆப்பிரிக்கக் கதை என்ற எண்ணம் மெல்ல மறைந்து, இது நம் வீட்டுக் கதைதானோ என்ற ஐயம் எழுகிறது. அந்த ஐயத்தை வாசகரோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

உபதேசியாரின் மகன்

ஆச்சிபி 1930ஆம் ஆண்டு ஒகிடி என்னும் ஊரில் பிறந்தார். தந்தை ஏசாயா, ஆங்கிலிக்கத் திருச்சபையின் மறைப்பணிச் சங்கத்தில் உபதேசியாராகவும் ஆசிரியராகவும் உழைத்தவர். திருமுழுக்கில் மகனுக்கு இட்ட பெயர் ஆல்பர்ட். பின்னாளில் அப்பெயரை விடுத்துத் தம் இனப் பெயராலேயே அவர் அறியப்பட்டார். 2013இல் மறைந்தார்.

கிறித்தவ வீட்டில் செபமும் விவிலியமும் கேட்டு வளர்ந்த இவர், வேலிக்கு அப்பால் உறவினர் நடத்திய பழைய சடங்குகளையும் பார்த்து வளர்ந்தார். ஆகவே அவர் கதையில் மறைப்பணியாளர் வெறும் கொடியவரும் அல்லர்; வெறும் புனிதரும் அல்லர். பழைய சமூகம் பொற்காலமும் அன்று, இருட்டறையும் அன்று. இந்த நேர்மையே அவருடைய முதற் சிறப்பு. இரு புதினங்களையும் முதலில் ஒரே நூலாக எழுத எண்ணிப் பின்னரே அவர் பிரித்தார் என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது.

புல்லாங்குழலும் மற்களமும்

குடும்பத்தின் முதல் மனிதர் உனோக்கா. புல்லாங்குழல் வாசிப்பதில் வல்லவர், உழைப்பில் நாட்டமில்லாதவர். ஊரெல்லாம் கடன். கடன்களைச் சுண்ணாம்புக் கோடுகளாகச் சுவரில் குறித்துவைத்து, கேட்க வந்தவரிடம் அச்சுவரைக் காட்டிச் சிரிப்பவர். இறுதியில் உடல் வீங்கும் நோய் வந்து, நிலத்தெய்வத்துக்கு ஆகாதவர் என்று ‘தீய காட்டில்’ கொண்டுபோய் விடப்படுகிறார். போகும்போது குழலை மட்டும் எடுத்துச் செல்கிறார்.

அவர் மகன் ஒக்கொன்க்வோ தந்தைக்கு நேர் எதிராகத் தன்னை வடித்துக்கொள்கிறான். பதினெட்டு வயதில் ஊரே வியந்த மல்லனை வீழ்த்துகிறான். செல்வர் ஒருவரிடம் 800 விதைக் கிழங்குகளை வாரத்துக்கு வாங்கி, மழை பொய்த்துப் பின் வெள்ளமும் வந்த ஆண்டில் உயிரைப் பிடித்துக்கொண்டு நிமிர்கிறான். மூன்று மனைவியர், நிறைந்த களஞ்சியம், ஊரில் பட்டங்கள். வெளிப்பார்வைக்கு அஞ்சாத ஆண்மகன். ஆனால் ஆசிரியர் அவன் உள்ளத்தைத் திறந்து காட்டும்போது அங்கே ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது: தந்தையைப் போல் ஆகிவிடுவேனோ என்ற அச்சம். தந்தை விரும்பியவற்றையெல்லாம் அவன் வெறுக்கிறான். மென்மையை வெறுக்கிறான், ஓய்வையும் வெறுக்கிறான்.

இந்த அச்சம் தன் முழு முகத்தைக் காட்டும் இடம் இக்கெமெஃபூனாவின் சாவு. ஊர்களுக்கிடையே நேர்ந்த கொலைக்கு ஈடாகக் கொடுக்கப்பட்ட அச்சிறுவன் மூன்றாண்டுகள் ஒக்கொன்க்வோவின் வீட்டில் வளர்ந்து அவனை அப்பா என்றே அழைக்கிறான். அவனைக் கொல்லத் தெய்வவாக்கு பிறக்கிறது. முதியவர் எசெயுடு வந்து, அக்கொலையில் நீ கை வைக்காதே என்று எச்சரிக்கிறார். ஊரும் அவனைக் கட்டாயப்படுத்தவில்லை. ஆயினும் வெட்டுப்பட்ட சிறுவன் அப்பா என்று ஓடிவரும்போது, தன்னைக் கோழை என்று எண்ணிவிடுவார்களோ என அஞ்சி அவனே கத்தியை ஓங்குகிறான். வீரம் என்று அவன் நினைத்தது உண்மையில் அச்சத்தின் உச்சம். குடும்பத்தின் அடுத்த இரு தலைமுறைகளும் இந்த ஒரு வெட்டிலிருந்து குருதி வடித்துக்கொண்டே இருக்கின்றன.

பறிக்கப்பட்ட கதைகள்

மூன்றாம் தலைமுறை நுவோயே. அவனுக்குத் தாய் சொல்லும் கதைகளில் விருப்பம். ஆமையும் பறவைகளும் பேசும் கதைகள். தந்தைக்கோ போர்க்கதைகளே ஆண்மைக்குரியவை. அடிக்கு அஞ்சித் தாயின் கதைகளை விரும்பாதவன்போல் அவன் நடிக்கிறான். இக்கெமெஃபூனா கொல்லப்பட்ட இரவில் அவனுக்குள் ஏதோ ஒன்று அறுந்துபோகிறது. அதற்கு முன்னும் ஒருமுறை அவ்வாறு நேர்ந்தது: காட்டில் எறியப்பட்ட இரட்டைக் குழந்தைகளின் அழுகுரலைக் கேட்ட நாளில்.

அதனால்தான் மறைப்பணியாளர் வரும்போது அவன் அவர்களிடம் போகிறான். மூவொரு கடவுளைப் பற்றிய விளக்கம் அவனுக்குப் புரியவேயில்லை என்கிறார் ஆசிரியர். அவனை இழுத்தது பாடல். இருளிலும் அச்சத்திலும் இருக்கும் சகோதரரைப் பற்றிய அப்பாடல், காட்டில் அழுத குழந்தைகளையும் இக்கெமெஃபூனாவையும் பற்றி அவன் கேட்காமல் வைத்திருந்த கேள்விக்கு விடையாக ஒலித்தது. மறைக்கல்வி நடத்துவோர் அனைவரும் இப்பகுதியைப் படிக்க வேண்டும். விசுவாசம் பெரும்பாலும் வாதத்தின் வழியே வருவதில்லை. ஆறாத புண் ஒன்றின் வழியே வருகிறது. பாட்டனின் புல்லாங்குழல் பேரனிடம் பாடல்மீது பற்றாகத் திரும்பி வந்ததையும் இங்கே காணலாம். ஒக்கொன்க்வோ எதைத் தன் வீட்டிலிருந்து துரத்தினானோ அது வேறு வாசல் வழியே உள்ளே வந்துவிட்டது.

நுவோயே தேர்ந்துகொண்ட திருமுழுக்குப் பெயர் ஈசாக்கு. தந்தையின் கத்தியின்கீழ்க் கிடந்து மீண்ட மகன் ஈசாக்கு. ஆனால் ஒக்கொன்க்வோவின் கதையில் கத்தியைத் தடுக்க வானதூதர் வரவில்லை. புதரில் ஆட்டுக்கடாவும் சிக்கவில்லை. தப்பிப் பிழைத்த மகன் அப்பெயரைத் தாங்கித் தந்தையை விட்டு நீங்குகிறான்.

இரண்டாம் புதினத்தில் நாம் காணும் ஈசாக்கு முதியவர், ஓய்வுபெற்ற உபதேசியார், எழுதப்பட்ட தாள் எதையும் கிழித்தெறிய மனம் வராமல் அறை முழுதும் சேர்த்துவைப்பவர். இங்கே ஆசிரியர் ஒரு சிறு செய்தியைச் சொல்லிச் செல்கிறார். பிள்ளைகளுக்கு நாட்டுக்கதை சொல்லக் கூடாது, நாம் புறமதத்தினர் அல்லர் என்று ஈசாக்கு தம் மனைவி ஹன்னாவைத் தடுத்துவிடுகிறார். பள்ளியில் ஒருநாள் கதை சொல்ல எழுப்பப்பட்ட மகன் ஓபி, சொல்வதற்கு ஒன்றுமின்றி வெட்கி நிற்கிறான். பின் தந்தை செபக்கூட்டத்துக்குப் போன ஒரு மாலையில் தாய் அவனுக்குக் கதை ஒன்றைச் சொல்லிக் கொடுக்கிறாள்.

முதல் நூலைப் படித்தவர் இங்கே திடுக்கிட வேண்டும். தாயின் கதைகளை விரும்பியதற்காக அடிபட்ட சிறுவனே வளர்ந்து, தன் பிள்ளைகளிடமிருந்து தாயின் கதைகளைப் பறிக்கிறான். முன்பு பறித்தது ஆண்மையின் பெயரால். இப்போது பறிப்பது விசுவாசத்தின் பெயரால். கை மட்டும் மாறவில்லை. தந்தையின் தெய்வங்களை ஈசாக்கு கைவிட்டார். தந்தையின் கடுமையைக் கைவிடவில்லை. மனமாற்றம் என்பது எவ்வளவு ஆழம் செல்ல வேண்டும் என்பதற்கு இதைவிடச் சுருக்கமான விளக்கத்தை நான் இறையியல் நூல்களிலும் கண்டதில்லை.

யோர்தானை மறந்தவர்

நான்காம் தலைமுறை ஓபி. ஊர்ச் சங்கம் 800 பவுன் கடனாகக் கொடுத்து அவனை இங்கிலாந்துக்கு அனுப்புகிறது. சட்டம் படிக்கச் சென்றவன் இலக்கியம் படித்துத் திரும்புகிறான். உனோக்காவின் குருதி இன்னும் ஓடுகிறது. பாட்டனுக்கு 800 கிழங்கு, பேரனுக்கு 800 பவுன். அன்று நிலத்தை நம்பி வாங்கிய கடன் மனிதனை நிமிர்த்தியது. இன்று ஊரின் கனவுகளை நம்பி வாங்கிய கடன் மனிதனை அழுத்துகிறது. கல்வி உதவித்தொகை வாரியத்தில் செயலராகச் சேரும் ஓபி, கையூட்டை வெறுப்பவன். கார்க் காப்பீடு, வருமான வரி, தம்பியின் படிப்பு, தாயின் மருத்துவம் எனச் செலவுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏற, கடைசியில் 20 பவுன் வாங்கிச் சிக்குகிறான். வழக்கு மன்றத்தில் தொடங்கும் புதினம், படித்த இளைஞன் ஏன் இப்படிச் செய்தான் என்று எல்லாரும் வியப்பதோடு முடிகிறது. விடை தெரிந்தவர் வாசகர் மட்டுமே.

ஆயினும் ஓபியின் உண்மையான வீழ்ச்சி பணத்தில் தொடங்கவில்லை. அவன் விரும்பிய கிளாரா என்னும் செவிலி ‘ஒசு’ வகுப்பினள். முன்னோர் காலத்தில் தெய்வத்துக்கு ஒப்படைக்கப்பட்டவரின் வழித்தோன்றல்கள் ஒசுக்கள். அவர்களோடு மணவுறவு கொள்வது ஊருக்கு ஆகாது. ஓபி நம்பிக்கையோடு தந்தையிடம் வருகிறான். இருளில் இருந்த முன்னோர் இட்ட பெயரை, நற்செய்தியின் ஒளி பெற்ற நாம் ஏன் சுமக்க வேண்டும் என்று தந்தையின் மொழியிலேயே கேட்கிறான். உபதேசியார் அசைகிறார், ஆனால் இணங்கவில்லை. ஒசு என்பது மக்கள் மனத்தில் தொழுநோய் போன்றது என்கிறார். சான்றுக்கு நாமானை அழைக்கிறார்: எவ்வளவு பெரிய படைத்தலைவன் ஆயினும் தொழுநோயாளன் அல்லவா!

விவிலியம் அறிந்த வாசகர் இங்கே புத்தகத்தை மூடிவைத்துச் சற்றுச் சிந்திக்க வேண்டும். அரசர்கள் இரண்டாம் நூலின் ஐந்தாம் அதிகாரம் நாமானின் நோயோடு முடிகிறதா? அவன் ஏழுமுறை யோர்தானில் மூழ்கிச் சிறு பிள்ளையின் உடலைப்போல் தூய்மை பெற்றான். திருச்சபைத் தந்தையர் அந்நிகழ்ச்சியைத் திருமுழுக்கின் முன்னடையாளமாகவே கண்டனர். வாழ்நாளெல்லாம் மறைக்கல்வி கற்பித்தவர் அதிகாரத்தின் முதல் வரியிலேயே நின்றுவிட்டார், யோர்தான்வரை போகவில்லை. கிளாராவின் திருமுழுக்கு அவர் கணக்கில் வரவேயில்லை. அதுமட்டுமன்று. ஈசாக்கு இளைஞராய் முதன்முதல் நாடிவந்த ம்பாண்டாவின் சிறு சபையிலே, கியாகா என்னும் எளிய இக்போ ஆசிரியர் ஒசுக்கள் இருவரை ஏற்றுக்கொண்டார். மற்றவர் எதிர்த்தபோது, கடவுள்முன் அடிமையும் இல்லை உரிமைக்குடியும் இல்லை என்று உறுதியாக நின்றார். அத்தகைய ஒசுக்களே பின்னர் அச்சபையின் உறுதியான மக்கள் ஆயினர். முதல் தலைமுறை பெற்ற அருளை அடுத்த தலைமுறை மணப்பந்தலின் வாசலில் தொலைத்துவிட்டது.

தாய் ஹன்னா இன்னும் கடுமையாகத் தடுக்கிறாள்: தான் உயிரோடிருக்கையில் இம்மணம் நடந்தால் உயிரை மாய்த்துக்கொள்வேன் என்கிறாள். ஓபியின் உறுதி உடைகிறது. கிளாராவின் வயிற்றிலிருந்த குழந்தை அழிக்கப்படுகிறது. அவளும் அவன் வாழ்விலிருந்து மறைகிறாள். அதன்பின் தாய் இறந்தபோது அவன் அடக்கத்துக்கும் போகவில்லை. ஐந்தாம் தலைமுறை பிறக்கும் முன்பே மடிந்தது. இக்கெமெஃபூனாவுக்குப் பின் இக்குடும்பம் அச்சத்தின் பலிபீடத்தில் இட்ட இரண்டாம் பிள்ளை அது.

ஓர் இரவில் தந்தை மகனிடம் மனம் திறக்கும் இடமே இரண்டாம் நூலின் இதயம். தம் தந்தை தூக்கிட்டுக்கொண்ட செய்தி வந்தபோது தாம் அடக்கத்துக்குப் போகவில்லை என்றும், மறைப்பணியாளரே போகச் சொல்லியும் மறுத்துவிட்டதாகவும் சொல்கிறார். வாளெடுத்தவன் வாளால் மடிவான் என்று தாம் சொன்னதை, கொலையுண்ட அரசுத் தூதனைப் பற்றியது என்று வெள்ளையர் எண்ணிக்கொண்டாராம். இவர் நினைத்ததோ இக்கெமெஃபூனாவை. எத்தனை ஆண்டுகளாக அப்பெயரை இம்மனிதர் சுமந்திருக்கிறார்! தந்தையின் அடக்கத்துக்குப் போகாத மகனுக்குத் தாயின் அடக்கத்துக்குப் போகாத மகன் பிறந்தான்.

புதினங்களின் குறையும் நிறையும்

பெண் மாந்தருள் எசின்மா மறக்க முடியாதவள். ஒன்பது பிள்ளைகளைப் பறிகொடுத்த எக்வெஃபியின் எஞ்சிய ஒரே மகள். இவள் ஆணாய்ப் பிறந்திருக்கலாகாதா என்று ஒக்கொன்க்வோ பன்முறை ஏங்குகிறான். தன் உள்ளத்தை அறிந்த ஒரே பிள்ளையை, பெண் என்பதாலேயே அவன் வாரிசாகக் காணவில்லை. நாடுகடத்தப்பட்டுத் தாயின் ஊரில் ஏழாண்டுகள் வாழும்போது, தாய்மாமன் உச்செண்டு தாய்மையின் உயர்வை எடுத்துச் சொல்கிறார்: பிள்ளை அடிபட்டால் தாயின் குடிசையைத்தானே தேடுகிறது! அந்த ஒரு பாடத்தைக் கற்றிருந்தால் ஒக்கொன்க்வோ பிழைத்திருப்பான்.

குறை ஒன்றும் உண்டு. எசின்மா முதல் நூலின் பிற்பகுதியில் ஒதுங்கிவிடுகிறாள். கிளாராவின் துயரை அவள் வாயால் நாம் கேட்பதேயில்லை. பெண்களின் கண்ணீரை ஆண்களின் வீழ்ச்சிக்கு அளவுகோலாக மட்டும் ஆசிரியர் பயன்படுத்திவிட்டாரோ என்று தோன்றுகிறது. மேலும், முதல் தலைமுறைக் கிறித்தவராகிய ஈசாக்கின் நடுவயது இரு நூல்களுக்கும் இடையே விழுந்த பள்ளமாகவே நிற்கிறது. அவ்வாழ்வைத் தனிப் புதினமாக ஆச்சிபி எழுதவில்லை. நமக்கோ அதுவே மிகவும் வேண்டிய கதை.

கொல்லிமலையிலிருந்து

இம்மலையில் இருந்து இந்நூல்களைப் படிக்கையில் சில பக்கங்கள் தனி ஒளி பெறுகின்றன. கிழங்கை ஆணின் பயிராகவும் மரவள்ளியைப் பெண்ணின் பயிராகவும் இக்போ மக்கள் கருதினர். இங்கோ சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த மேட்டுநிலங்களில் மரவள்ளி ஏறி, சவ்வரிசி ஆலைகளுக்கு இறங்கிப் போகிறது. வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, தின்னனூர் நாடு என நாடு நாடாக வாழ்ந்த மக்களுக்குத் தம் முன்னோர் காஞ்சியிலிருந்து வந்த கதை உண்டு. பாவையின் கதை உண்டு. சங்கப் புலவர் பாடிய கொல்லிப்பாவை இன்னும் பாட்டிமாரின் நாவில் வாழ்கிறாள். படிக்க இறங்கிய பிள்ளைகள் அக்கதைகளைச் சொல்ல வெட்கப்படுவதைக் காணும்போது, வகுப்பில் ஊமையாய் நின்ற ஓபி நினைவுக்கு வருகிறான்.

மலையடிவாரத்துச் சேந்தமங்கலத்துக்கு இராபர்ட் தெ நோபிலி 1623இல் வந்தார். மக்களின் மொழியையும் நடையையும் மதித்தால் நற்செய்தி அந்நியமாகாது என்று கண்ட அவரே, சாதி வேறுபாட்டை இடம்பெற விட்டார். அந்தப் பெருமையும் அந்தச் சுமையும் இரண்டும் நம் மரபுரிமை. பின்னர் 1913இல் செசி பிராண்டும் அவர் துணைவியார் ஈவ்லினும் இம்மலையேறினர், சீர்திருத்தச் சபையினர். தொழுநோய் மருத்துவத்தில் உலகப் புகழ்பெற்ற பால் பிராண்ட் 1914இல் இங்கேதான் பிறந்தார். தங்களை எதிர்த்துவந்த பூசாரி ஒருவர் கொள்ளைநோயில் விழுந்தபோது அவருக்குப் பணிவிடை செய்தனர் என்றும், அவர் சாகும் முன் தம் கைக்குழந்தையை அவர்களிடமே ஒப்படைத்தார் என்றும் அவர்தம் வரலாறு கூறுகிறது. கணவர் 1929இல் காய்ச்சலில் இறந்த பின்னும், முதுமையில் மீண்டும் மலைக்கு வந்த ஈவ்லின் 1974இல் மறைந்தார். ஆச்சிபியின் புதினத்தில், மக்களோடு அமர்ந்து அவர்தம் கடவுளைப் பற்றிக் கேட்டறிந்த பிரௌனும் உண்டு. கறுப்பு வெள்ளையாய் உலகைப் பிரித்த ஸ்மித்தும் உண்டு. எந்த மலையிலும் விதை முளைத்தது பிரௌன்களின் கையால்தான்.

ஆனால் இந்நூல்கள் நம்மிடம் கேட்கும் கேள்வி மறைப்பணியாளரைப் பற்றியதன்று. நம் வீடுகளைப் பற்றியது. மணமக்கள் தேடும் விளம்பரங்களைப் பாருங்கள். ‘ஆர்.சி.’ என்ற இரண்டெழுத்தை ஒட்டியே ஒரு சாதியின் பெயர் நிற்கும். நற்கருணையில் ஒரே அப்பத்தை உண்டவர், சம்பந்தம் பேசும்போது நாமானின் தொழுநோயை நினைவுகூர்கின்றனர். சில ஊர்களில் கல்லறைத் தோட்டமும் இரண்டாகக் கிடக்கிறது. 2016இல் இந்திய ஆயர் பேரவை வெளியிட்ட தலித் மக்கள் மேம்பாட்டுக் கொள்கை, திருச்சபைக்குள்ளும் தீண்டாமை உண்டென்று வெளிப்படையாக ஏற்றுக்கொண்டது. ஏற்றுக்கொண்டது தாளில், மாற வேண்டியது வரவேற்பறையில். பெற்றோரே, உங்கள் மகனோ மகளோ நற்செய்தியின் மொழியில் உங்களிடம் ஒரு கேள்வி கேட்டு நிற்கும் நாள் வரலாம். அன்று நீங்கள் கியாகாவாக நிற்பீர்களா, ஈசாக்காக நிற்பீர்களா?

தந்தையரின் குற்றம் மூன்றாம் நான்காம் தலைமுறைவரை தொடரும் என்னும் எச்சரிக்கை விடுதலைப் பயண நூலில் உண்டு. தந்தை புளித்த திராட்சையைத் தின்றதால் பிள்ளையின் பல் கூசும் என்னும் பழமொழியை இனிச் சொல்ல வேண்டாம் என்று எசேக்கியேல் வழியாக ஆண்டவர் தடுத்ததும் உண்டு. ஒன்று தீமை எவ்வாறு பரவுகிறது என்று காட்டுகிறது. மற்றது அது பரவியே தீர வேண்டியதில்லை என்கிறது. ஆச்சிபி முதலாவதைத் துல்லியமாக எழுதிக் காட்டினார். இரண்டாவதை அவர் எழுதவில்லை. இரண்டாம் புதினத்தின் பெயர் எலியட்டின் கவிதை ஒன்றிலிருந்து எடுக்கப்பட்டது. குழந்தையைக் கண்டு வணங்கியபின் பழைய வாழ்வில் இருப்புக்கொள்ளாத ஞானியர் பற்றிய கவிதை அது. ஓபியின் குடும்பம் குழந்தையைக் கண்டது. ஆனால் வந்த வழியே திரும்பிப் போய்விட்டது. மத்தேயு நமக்குச் சொல்லும் ஞானியரோ வேறு வழியாகத் தம் நாடு திரும்பினர். அவ்வழி இன்னும் திறந்தே இருக்கிறது.